சிறுநீரில் அல்புமின் 84: பருப்பை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் இருக்கிறேன். வயது 54, எடை 62 கிலோ. ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 காலையில் மட்டும். கடைசியாகப் பார்த்த எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8.1. ஊரில் நடந்த முகாமில் சிறுநீரில் 'அல்புமின் டிரேஸ்' என்று எழுதிக் கொடுத்தார்கள். குன்னூரில் லேபில் பார்த்தபோது அல்புமின் - கிரியேட்டினின் விகிதம் 84 வந்தது. ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு) 0.9. பிரஷர் 136/84, அது நார்மல்தானே? ஆனாலும் டாக்டர் டெல்மிசார்டன் 40 எழுதியிருக்கிறார். பிரஷர் இல்லாதவனுக்குப் பிரஷர் மாத்திரை எதற்கு? சிறுநீர் நுரைக்கவும் செய்கிறது. 'புரதம் ஒழுகுது, பருப்பு, முட்டை, அவரை எல்லாத்தையும் நிறுத்து' என்கிறார் அண்ணன். 'ஒழுகுறதை ஈடுகட்டப் புரோட்டீன் பவுடர் குடிங்க மாமா' என்கிறார் மருமகன். எது சரி? டயாலிசிஸ் வரைக்கும் போய்விடுமா?

பதில்: அண்ணன் சொல்வதும் வேண்டாம், மருமகன் சொல்வதும் வேண்டாம். இருவரும் தவறுவது ஒரே இடத்தில்தான். சாப்பிட்ட புரதமே சிறுநீரில் வருகிறது என்று நினைக்கிறார்கள். நீங்கள் சாப்பிடும் அவரையில் உள்ள புரதம் குடலிலேயே அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். உடம்பு எடுத்துக்கொண்டது போக, மிச்சம் யூரியாவாக மாறி வெளியே போகும். ரிப்போர்ட்டில் இருக்கும் அல்புமின் வேறு. அது உங்கள் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விட்டது. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் தயாராகும். ஒரு டெசிலிட்டர் ரத்தநீரில் மூன்றரை முதல் ஐந்து கிராம் வரை எப்போதும் இருக்கும். ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அதன் முக்கியமான வேலை. ரத்தத்தை விட்டு வெளியேறக் கூடாத பொருள் சிறுநீரில் தென்பட்டால், சமையலறையில் தேடிப் பயனில்லை. வடிகட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

அளவையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடலாம். விகிதம் 84 என்றால், சராசரி ஆளுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 84 மில்லிகிராம் அல்புமின் போகிறது என்று கொள்ளலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், அதாவது 6,000 மில்லிகிராம். எழுபது நாள் ஒழுகினால் ஒரு முட்டை கணக்கு. இதை ஈடுகட்ட டப்பா வாங்குவது வீண் செலவு என்பது ஒருபுறம். புரதத்தை அள்ளிப் போட்டால் சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டமும் வடிகட்டும் வேகமும் கூடும், ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் வடிகட்டிக்கு அது கூடுதல் சுமை. அதனால் பவுடர் கூடவே கூடாது.

இப்போது வடிகட்டி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகள் இருக்கின்றன. குளோமருலஸ் என்பார்கள். இவை எல்லாம் சேர்ந்து நாளுக்கு 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராகிறது. மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போகிறது. அந்த 180 லிட்டர் ரத்தநீரில் இருக்கும் அல்புமினைக் கூட்டினால் ஏழு கிலோவுக்கு மேல் வரும். அதில் நல்ல சிறுநீரகம் வெளியே விடுவது 30 மில்லிகிராமுக்கும் குறைவு.

இதை ஒரு சல்லடை மட்டும் செய்ய முடியாது. உங்கள் பச்சை இலை போகும் ஃபேக்டரியில் சலிப்பு இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். கண் அளவை வைத்து டஸ்ட் தனி, ஃபேனிங்ஸ் தனி என்று பிரிக்கும். ஆனால் தூளோடு கலந்த நாரையும் காம்பையும் எடுக்க ஃபைபர் எக்ஸ்ட்ராக்டர் என்று இன்னொன்று ஓடும். அதில் உருளைகளை உரசி மின்னேற்றம் உண்டாக்கி நாரை இழுக்கிறார்கள். சிறுநீரகத்திலும் இரண்டு வேலையும் உண்டு, இங்கே மின்னேற்றம் இழுப்பதில்லை, தள்ளுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு. அதற்கு அடுத்து ஒரு சவ்வு. அதற்கும் வெளியே போடோசைட் என்னும் செல்கள், இரண்டு கை விரல்களைக் கோத்தது போல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இடையில் மயிரிழையை விட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய இடுக்குகளை மட்டும் விட்டு நிற்கின்றன. பூச்சிலும் சவ்விலும் எதிர்மின் ஏற்றம் அதிகம். அல்புமினுக்கும் எதிர்மின் ஏற்றம்தான். பருமனாலும் பாதி தடுக்கப்படுகிறது, மின்னேற்றத்தாலும் விலக்கப்படுகிறது.

அப்படியும் ஒரு நாளில் சில கிராம் கசிந்துவிடும். அதைப் பிடிக்க அடுத்த கட்டம் இருக்கிறது. வடித்த நீர் செல்லும் நுண்குழாயின் முதல் பகுதியில் உள்ள செல்கள் கசிந்த அல்புமினை விழுங்கி, உடைத்து, மறுபடி ரத்தத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே சிறுநீரில் அல்புமின் கூடினால், ஒன்று வடிகட்டி கூடுதலாக விடுகிறது, அல்லது நுண்குழாய் பிடிக்கத் தவறுகிறது. சர்க்கரை நோய் இரண்டையும் கெடுக்கும்.

முதலில் கெடுவது அழுத்தம். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வடித்த நீரிலும் சர்க்கரை கூடும். அதை வீணாக்காமல் நுண்குழாய் திரும்ப உறிஞ்சும், கூடவே உப்பையும் உறிஞ்சும். குழாயின் கீழ்ப்பகுதியில் 'இந்த முடிச்சு எவ்வளவு வடிக்கிறது' என்று உப்பின் அளவை வைத்தே கணக்குப் பார்க்கும் ஓர் உணர்வுப் பகுதி இருக்கிறது. அங்கே உப்பு குறைவாக வருவதால், வடிப்பது போதவில்லை என்று அது தப்பாகக் கணக்குப் போடுகிறது. முடிச்சுக்குள் ரத்தம் வரும் குழாய் விரிகிறது. வெளியேறும் குழாயை ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இறுக்குகிறது. வாய்க்காலில் மேல்மடையைத் திறந்து கீழ்மடையைப் பாதி மூடினால் என்ன ஆகும்? அதுதான். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் சுமாராக இருந்தாலும், அந்த முடிச்சுக்குள் பிரஷர் ஏறிக்கிடக்கும். இந்தக் கட்டத்தில் கிரியேட்டினின் நன்றாகவே இருக்கும், வடிப்பு வழக்கத்தை விட அதிகமாகக்கூட இருக்கும். 'கிட்னி ஃபங்ஷன் நார்மல்' என்று பலர் வருடக்கணக்கில் நிம்மதியாக இருந்துவிடுவது இதனால்தான்.

இரண்டாவது மெதுவாக நடப்பது. சர்க்கரை ஒட்டிய புரதங்கள் சவ்வில் படிந்து அது தடிக்கிறது. தடித்தால் இன்னும் நன்றாகத் தடுக்க வேண்டுமே என்று தோன்றும். தடிக்கும் சவ்வு தரம் கெட்ட சவ்வு, கெட்டித்த பழைய துணி போல. வழவழப்புப் பூச்சு தேய்கிறது, மின்தடுப்பு குறைகிறது. போடோசைட்டுகள் தாங்க முடியாமல் விரல்களைச் சுருக்கி, கடைசியில் கழன்று சிறுநீரோடு போய்விடுகின்றன. இவை தோல் செல்கள் போல மறுபடி முளைப்பவை அல்ல. போன இடத்தில் தழும்புதான் வரும். முடிச்சுக்குள் உருண்டை உருண்டையாக அப்படி நிரம்பியிருப்பதை 1936-இல் கிம்மல்ஸ்டீல், வில்சன் என்ற இரு மருத்துவர்கள் விவரித்தார்கள். இன்றும் அந்த உருண்டைகளுக்கு அவர்கள் பெயர்தான். நுண்குழாயோ, அளவுக்கு மீறி வரும் அல்புமினை விழுங்கி விழுங்கி அழற்சி கண்டு, தானும் தழும்பாகிறது. ஒழுகும் அல்புமின் நோயின் அடையாளம் மட்டுமல்ல, நோயை முன்னே தள்ளுவதும் அதுதான்.

உங்கள் 84 எங்கே நிற்கிறது? 30-க்குக் கீழே இயல்பு. 30 முதல் 300 வரை இடைநிலை. 300-க்கு மேல் கடுமை. இடைநிலையை 'மைக்ரோ அல்புமின்' என்று பல லேப்கள் இன்னும் அச்சிடுகின்றன. சிறிய வகை அல்புமின் ஒன்று தனியாக இருப்பதாக நினைக்க வேண்டாம், அதே அல்புமின்தான், அளவு கொஞ்சம் என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் மூன்று எண் இருக்கிறதா என்று பாருங்கள்: அல்புமின், கிரியேட்டினின், விகிதம். உதாரணமாக, லிட்டருக்கு 63 மில்லிகிராம் அல்புமின், டெசிலிட்டருக்கு 75 மில்லிகிராம் கிரியேட்டினின். 75-ஐ லிட்டருக்குக் கிராமாக மாற்றினால் 0.75. 63-ஐ 0.75-ஆல் வகுத்தால் 84. வெறும் 'மைக்ரோ அல்புமின் 63' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அதை நம்ப வேண்டாம். அதிகம் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் அதே ஆளுக்கு 30 வரும், குடிக்காமல் போனால் 120 வரும். கிரியேட்டினினால் வகுப்பது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். தசை குறைந்த மெலிந்தவர்களுக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, கிரியேட்டினின் குறைவாக இருப்பதால் விகிதம் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதையும் மனதில் வையுங்கள்.

முகாமில் வந்த 'டிரேஸ்' வண்ணப் பட்டை நனைத்துப் பார்ப்பது. அடர்த்தியான சிறுநீராக இருந்தால் ஒன்றுமில்லாதவருக்கும் டிரேஸ் வரும். நீர்த்த சிறுநீராக இருந்தால் 84 உள்ளவருக்கு நெகட்டிவ் வரும். உங்களை லேபுக்கு அனுப்பியதோடு அதன் பயன் முடிந்தது. நுரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 84 அளவுக்கு நுரை வர வேண்டிய அவசியமே இல்லை. வேகமாக விழுந்தாலும், கழிவறையில் கிளீனர் மிச்சம் இருந்தாலும், அடர்த்தியாக இருந்தாலும் நுரைக்கும். நிற்கும் நுரை, தண்ணீர் ஊற்றினாலும் போகாத நுரை, கூடவே கணுக்காலில் வீக்கம் என்றால் விஷயம் வேறு, அது நாளுக்குக் கிராம் கணக்கில் போகும்போது வருவது.

ஒரே ஒரு 84-ஐ வைத்து 'கிட்னி போச்சு' என்று முடிவு கட்டுவது சரியல்ல. அல்புமின் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது 30-க்கு மேல் இருந்தால்தான் உறுதி. அடுத்த முறை இப்படிக் கொடுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், நடுப்பகுதி, லேப் கொடுத்த சுத்தமான டப்பாவில். முந்தின நாள் முழுக்க இலை மூட்டை தூக்கி மேடு ஏறக் கூடாது. கடும் உழைப்புக்குப் பின் 24 மணி நேரம் வரை அல்புமின் கூடுதலாகப் போகும், மலைச்சரிவில் வேலை செய்பவர்களுக்கு இது சாதாரணமாக நடக்கும் தவறு. கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து, லேபுக்கு ஏறி நடந்து, மூச்சு வாங்க அங்கேயே பிடித்துக் கொடுப்பதை விட, வீட்டில் பிடித்துக் கொண்டுபோவது மேல். நேரம் ஆகும் என்றால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் வைக்காதீர்கள், உறைந்து உருகினால் அளவு குறைத்துக் காட்டக்கூடும். காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், சர்க்கரை 300, 400 என்று தாறுமாறாக இருக்கும் வாரம் ஆகியவற்றில் பரிசோதனை வேண்டாம். பெண்கள் மாதவிலக்கு நாட்களையும் தவிர்க்க வேண்டும்.

மாத்திரைக்கு வருவோம். 136/84 உங்களுக்கு நார்மல் இல்லை. சர்க்கரையும் அல்புமினும் சேர்ந்து இருப்பவருக்கு இலக்கு 130/80-க்குக் கீழே. ஆனால் பிரஷரைச் சரியாக அளந்தார்களா என்பதையும் பாருங்கள். நம் மலையில் ஸ்வெட்டரின் மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள், அல்லது கையை மேலே சுருட்டிவிட்டு அளக்கிறார்கள். சுருட்டிய கம்பளி கையை இறுக்கும், அளவு தப்பும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தின அரை மணி நேரத்தில் டீ வேண்டாம். குளிர் மாதங்களில் பிரஷர் சற்று ஏறும் என்பதால் டிசம்பர், ஜனவரியில் ஒரு முறை கூடுதலாகப் பாருங்கள்.

டெல்மிசார்டன் பிரஷரை இறக்குவதோடு நிற்பதில்லை. நான் சொன்ன அந்தக் கீழ்மடையை அது திறந்துவிடும். ஆஞ்சியோடென்சின் இறுக்கிய குழாய் தளர்ந்து, முடிச்சுக்குள் அழுத்தம் குறைந்து, கசிவு குறையும். இதே குடும்பத்து லோசார்டன், இர்பெசார்டன் மருந்துகள் சர்க்கரையால் வரும் சிறுநீரக நோயின் வேகத்தைக் குறைப்பதை 2001-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. ராமிபிரில், எனலாபிரில் இன்னொரு குடும்பம், வேலை அதே. இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தால் லாபம் இல்லை, பொட்டாசியம் ஏறிக் கெடுதல்தான். ஆரம்பித்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிரியேட்டினின் முப்பது சதவீதம் வரை ஏறினால் பயமில்லை. உங்களுக்கு 0.9 என்பது 1.15 ஆனால் மருந்து வேலை செய்கிறது, அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்துப் பதறி நிறுத்திவிடாதீர்கள். அதற்கு மேல் ஏறினாலோ, பொட்டாசியம் ஐந்தரையைத் தாண்டினாலோ டாக்டரிடம் உடனே போக வேண்டும். உங்கள் மாத்திரையை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். கர்ப்பிணிகள் இதை எடுத்தால் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கும்.

உங்கள் மருந்துப் பட்டியலில் ஒன்று இல்லாதது எனக்கு உறுத்துகிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. நுண்குழாய் சர்க்கரையையும் உப்பையும் திரும்ப உறிஞ்சுவதை இவை தடுக்கின்றன. கீழே உப்பு போய்ச் சேர்வதால் அந்தத் தப்புக் கணக்கு திருந்தி, மேல்மடை சுருங்குகிறது. டெல்மிசார்டன் கீழ்மடையைத் திறக்க, இது மேல்மடையைக் குறைக்கிறது. 2019-இலும் 2020-இலும் வந்த கிரெடென்ஸ், டாபா-சி.கே.டி. ஆய்வுகளுக்குப் பிறகு, சர்க்கரையோடு அல்புமின் இருப்பவருக்கு இதைத் தராமல் இருப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து நம் நாட்டுக் கம்பெனிகள் பலவும் தயாரிப்பதால் விலையும் கைக்கு எட்டுகிறது. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்கும்போதே கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டுமா என்றும் கேளுங்கள், இரண்டும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துவிடக் கூடாது. எடுக்க ஆரம்பித்த பிறகு சிறுநீரில் சர்க்கரை நான்கு பிளஸ் வரும், அது மருந்தின் வேலை, நோய் முற்றியதல்ல. பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். குளிருக்காகத் தண்ணீர் தொடாமல் இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும், ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் வராது. தாகம் எடுக்கவில்லை என்று நாள் முழுக்க டீயிலேயே ஓட்டாமல் தண்ணீரும் குடியுங்கள்.

வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் டெல்மிசார்டன், மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் மூன்றையும் நிறுத்திவைத்து, ஒழுங்காகச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் ஆன பின் மறுபடி தொடங்குங்கள். அறுவைச் சிகிச்சை என்றால் டாபாகிளிஃப்ளோசினை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலின் போடுபவர்கள் மட்டும் இன்சுலினைத் தாமாக நிறுத்தவே கூடாது.

சாப்பாடு. கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும். 62 கிலோவுக்கு 50 கிராம். கணக்குப் போட்டால்: ராகிக் களிக்கு நூறு கிராம் மாவு, 7 கிராம். இரண்டு கப் சோறு, 8. அவரைக் குழம்போ பருப்போ இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரு கப், 16. ஒரு முட்டை, 6. ஒரு டம்ளர் பாலும் மோரும், 7. மேரக்காய், பீன்ஸ், கேரட் எல்லாம் சேர்த்து 4. ஆக 48. நீங்கள் இயல்பாகச் சாப்பிடுவதே அதுதான். கோழிக்கறி நூறு கிராம் என்றால் அதிலேயே 25 வந்துவிடும், அன்றைக்கு முட்டையையும் ஒரு கப் பருப்பையும் விட்டுவிடுங்கள். அண்ணன் பேச்சைக் கேட்டுப் பருப்பை முழுக்க நிறுத்தினால் அந்த இடத்தை உருளைக்கிழங்கும் சோறும் நிரப்பும், சர்க்கரை ஏறும், தசை கரையும்.

குறைக்க வேண்டியது உப்பு. நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு சின்ன டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. உப்பு கூடினால் டெல்மிசார்டனின் பலன் குறைந்து போகும், மாத்திரை விழுங்கியும் அல்புமின் இறங்காதவர்களில் பலருக்கு விடை ஊறுகாய் பாட்டிலில் இருக்கிறது. கருவாடு, அப்பளம், டீக்கு வர்க்கி. வர்க்கியில் மைதா, வனஸ்பதி, உப்பு மூன்றுமே உண்டு. இந்துப்பும் உப்புதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும், டெல்மிசார்டன் சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மூட்டுவலிக்கு என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சரிவில் ஏறி இறங்கி முழங்கால் வலிக்காதவர் குறைவு. டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் மாத்திரை எதுவும் இனி வேண்டாம். இவை முடிச்சுக்குள் ரத்தம் வரும் குழாயைச் சுருக்கும், டெல்மிசார்டன் வெளியேறும் குழாயைத் தளர்த்தியிருக்கும், இரண்டும் சேர்ந்தால் வடிப்பே நின்றுபோகும் அளவுக்கு அழுத்தம் விழும். பேதி, காய்ச்சல் நாட்களில் இது திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பில் கொண்டுபோய் விடும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால், மேலே தடவும் மருந்து. நாட்டு மருந்தில் ஆடுதீண்டாப்பாளை சேர்ந்த எதையும் ஒதுக்குங்கள், அந்தச் செடிக் குடும்பத்தில் இருக்கும் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்குவது உறுதியாகத் தெரிந்த ஒன்று. பாதரசம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எடுத்தவர்களுக்குப் புரதம் கிராம் கணக்கில் ஒழுகும் நோய் வந்ததை வேலூர் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இடையில் ஒன்று, உங்களுக்கு அல்ல, கூடலூர், பந்தலூர் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கு. இந்தியாவில் அரிவாள் செல் என்னும் ரத்த நோயின் மரபணு முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களில் அது இன்றும் உண்டு. அந்த மரபணு ஒன்று இருந்தாலே, நோய் அறிகுறி ஏதும் இல்லாதவருக்கும், எச்.பி.ஏ.1.சி. சில பரிசோதனை முறைகளில் தப்பாக வரும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பதாக ஏமாற்றும். அவர்கள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டபின்னும் எடுத்த ரத்தச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே மரபணு, சர்க்கரை இல்லாமலேயே அல்புமினைக் கசிய வைக்கவும் செய்யும். ஆகவே பழியை எல்லாம் சர்க்கரை மேல் போடுவதற்கு முன் ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை ஒன்று தேவை. ரத்தசோகை உள்ள பெண்களுக்கு நேர்மாறாக, இரும்புச்சத்துக் குறைவால் எச்.பி.ஏ.1.சி. கூட்டிக் காட்டும்.

டயாலிசிஸ்? உங்கள் வயதுக்கு 0.9 கிரியேட்டினின் என்றால் வடிப்பு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 மில்லி, அதாவது முழு அளவு. அல்புமின் இடைநிலையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுப்படுத்தினால் பலருக்கு 30-க்குக் கீழே திரும்பவே இறங்குகிறது. டென்மார்க்கில் ஸ்டெனோ என்ற ஆய்வில் உங்களைப் போலவே சர்க்கரையும் இந்த அளவு அல்புமினும் உள்ள 160 பேரை எடுத்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எல்லாவற்றையும் ஏழெட்டு வருடம் இறுக்கிப் பிடித்தார்கள். இருபத்தோரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழு ஏறக்குறைய எட்டு வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தது. அல்புமின் இதய நோய்க்கும் முன்னறிவிப்பு என்பதால், உங்கள் வயதுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் பேச்சில் வர வேண்டும். புகைத்தால் நிறுத்துங்கள். எச்.பி.ஏ.1.சி.யை 7 அருகே கொண்டுவாருங்கள்.

கண்ணையும் பார்க்க வேண்டும். விழித்திரையில் சர்க்கரைப் பாதிப்பு இருந்தால் சிறுநீரகத்திலும் காரணம் பெரும்பாலும் சர்க்கரைதான். கண் சுத்தமாக இருந்து, அல்புமின் திடீரென்று ஆயிரத்தைத் தாண்டினாலோ, சிறுநீரில் ரத்த அணுக்கள் வந்தாலோ, சில மாதத்தில் கிரியேட்டினின் விறுவிறுவென்று ஏறினாலோ வேறு நோயைத் தேட வேண்டும், சிறுநீரகத்தில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கவும் நேரலாம். கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விடுவார்கள், நாலைந்து மணி நேரம் பார்வை மங்கும். அன்றைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது, மருமகனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆக, டெல்மிசார்டனை இன்றே ஆரம்பியுங்கள். மூன்றாவது வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம். இரண்டாவது மாதக் கடைசியில் காலை முதல் சிறுநீரில் விகிதம், நான்காவது மாதத்தில் இன்னொரு முறை, கூடவே எச்.பி.ஏ.1.சி. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்றால், கொண்டுவருபவரிடம் உங்கள் 84-ஐயும் எழுதிய நோட்டைக் காட்டுங்கள், பழைய சீட்டிலேயே மாத்திரை தொடர்ந்துகொண்டிருக்கலாம். ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். ஊட்டிக்கோ கோவைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அங்கே முதலில் கேட்பது, போன வருடம் எவ்வளவு இருந்தது என்பதைத்தான்.